செல்வராணி அக்கா வரையாமல் விட்ட கடல்

காலையில் போன் வந்தது. செல்வராணி அக்கா போய்விட்டார். சென்னை ஆஸ்பத்திரியிலேயே...

எங்கள் தீவில், டெலானிபூர் ஆபீஸில் என் பக்கத்து சீட். கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடிவந்த குடும்பத்துப் பெண். ஹேண்ட்பேக்கில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, பென்சில் இருக்கும்.

ஒருமுறை ஆபீஸ் வேலையாக ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம். படகு ஜெட்டியில் நாங்கள் எல்லோரும் மொபைலைத் தூக்கிக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் உட்கார்ந்து வரைந்தார்.

எட்டிப் பார்த்தேன். இடது ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு மரக்கூட்டம். மேலே மெல்லிசாக ஒரு தீவு. மீதி வெறும் பேப்பர்.

"கடல் எங்கக்கா?"

"அதான் இருக்கே. கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாரு தம்பி."

பார்த்தேன். மெய்சிலிர்த்துவிட்டது. பென்சில் படாத இடமெல்லாம் உச்சிவெயில் கடல்... கண் கூசியது. ஓரத்தில் அந்தக் கறுப்பு இருப்பதால்தான் இத்தனை வெளிச்சம். ஒரு மனுஷிக்கு இது எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதை ஃபிரேம் போடக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "தீதி, இத்னா காலி ஜகா... காட் தூங்?" என்றார். வெற்று இடத்தை வெட்டினால் ரெடிமேட் ஃபிரேமில் அடங்கிவிடுமாம்.

அக்கா சண்டை போடவில்லை. அந்த வெற்று இடத்தை முந்தானையால் மூடினார். மரமும் தீவும் சாதாரணக் கிறுக்கலாகிவிட்டன.

முந்தானையை எடுத்தார். தீவு சட்டென்று எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"அப் தேக்கோ பையா," இப்போது பாருங்கள் என்றார்.

கடைக்காரர் பெரிய ஃபிரேம் தேட உள்ளே போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் கிளம்பியபோது அக்கா, ஆபீஸ் ஜன்னலில் தெரியும் துறைமுகத்தைப் பாதி வரைந்திருந்தார். எப்போதும் தூரத்தில்தான் ஆரம்பிப்பார். கடைசி மலையை, ஊதினால் போய்விடும் போல அவ்வளவு லேசாக. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே நம் பக்கம் வருவார்.

போன வாரம்கூட போனில் பேசினார்.

"இங்க ஜன்னலத் தொறந்தா எதிர் பில்டிங்தான் தம்பி. தூரமே இல்ல. வந்து அத முடிக்கணும். பத்திரமா வச்சிரு."

சரிக்கா என்றேன்.

அந்தப் பாதிப் படம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. மலை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நாம் நிற்கிற கரை மட்டும் இன்னும் வரவில்லை.

யாரும் அதில் கை வைக்க மாட்டோம் அக்கா. போயிட்டு வாங்க.