புரியாமல் சொன்ன ‘யெஸ் சார்’

அறுபதுகளில், கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போய் விமானம் ஓட்டப் பழகினார். தமிழிலேயே படித்தவர். ஒருநாள் தனியாகப் பறந்தபோது, ஓடுபாதையில் வேறு விமானம் நிற்பதால் இறங்க வேண்டாம் என்று ரேடியோவில் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள். புரியாமலே “யெஸ் சார்” என்று இறங்கப் போனவர், அந்த விமானத்தைக் கண்டதும் சட்டென்று தன் விமானத்தை மேலே தூக்கித் தப்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

“புரியலைன்னு சொல்லக் கூடாதாங்க?”

“ரேடியோவில பேசற ஆபீசரை எப்படித் திருப்பிக் கேக்கிறது? ‘மரியாதையைத் தரையில வச்சுக்கய்யா, மேல போனா வாயைத் திறந்து கேளு’ன்னு வாத்தியாரும் திட்டிட்டாரு.”

ஆள் முழுசாக வந்தாரே என்று ரங்கநாதரைக் கும்பிட்டேன்.

எனக்கு யாரிடமும் பேசக் கூச்சம். ஆனாலும் டாக்டர் சொல்வது புரியாவிட்டால் இப்போதெல்லாம் தலையாட்டிவிட்டு வருவதில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுவிடுகிறேன்.