பஸ்ஸர் வாயை அடைத்த எண்ணெய்

கோபத்தை ஆறப்போட்டுவிட்டு எழுத வேண்டும் என்பார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறப்போட்டுத்தான் பார்க்கிறேன். ஆறுகிற வழியாக இல்லை. சூடாகவே பரிமாறிவிடுகிறேன்.

போன ஞாயிறு முக்கொம்புக்குப் போயிருந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா, அத்திம்பேர், அவர்கள் பிள்ளைகள். தென்னூரிலிருந்து நான், புளியோதரைத் தூக்கோடு. ஆற்றில் புதுத் தண்ணீர். அதைப் பார்த்தால் திருச்சிக்காரர்களுக்குக் கால் நிற்குமா? மோட்டார் படகில் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று ஏறினோம்.

படகின் பின்னால் மாட்டியிருந்தது வெளிநாட்டு மோட்டார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் டிரைவர் அந்தோணிக்கு அதில் ஏகப் பெருமை. நம் மொபெட்டுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்துதானே போடுகிறோம்? இதற்கு அந்தத் தொல்லையே இல்லையாம். எண்ணெய்க்குத் தனி டேங்க். அதிலிருந்து ஒரு குட்டிப் பம்ப் எண்ணெயை எடுத்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுமாம்.

"பழைய டிரைவர் வேலையை விட்டு நின்னுட்டாருங்க. நான் வெள்ளிக்கிழமைதான் சேர்ந்தேன்" என்றார் அந்தோணி. "டேங்க்கைப் பாருங்க சார். வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு சொட்டு குறையலை!"

அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். "பேஷ்! அட்சய பாத்திரம்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னிக்குத்தான் பார்க்கறேன். எல்லாம் பெருமாள் க்ருபை!"

எண்ணெய் குடிக்கிற எஞ்சினில் எண்ணெய் குறையவில்லை என்றால் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா? வெளிநாட்டுச் சாமான் என்றதும் நம் எல்லோருக்கும் மூளை லீவு போட்டுவிடுகிறது.

நடு ஆற்றில் மோட்டார் ஒரு மாதிரி முனகியது. கருகல் வாடை வந்தது. அப்புறம் 'கடக்'கென்று ஒரு சத்தம் — நின்றுவிட்டது. அந்தோணி ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு இம்மியும் அசையவில்லை. எஞ்சின் உள்ளே இறுகிவிட்டது.

ஆறு சும்மா இருக்குமா? படகை அணையின் ஷட்டர் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மெதுவாகத்தான்... ஆனால் நிற்காமல். அக்கா பிள்ளைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அத்திம்பேர் "ரங்கா, ரங்கா" என்று கண்ணை மூடிக்கொண்டார். துடுப்பு இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. கரையில்!

அந்தோணி படகுக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு சட்டையோடு தண்ணீரில் குதித்தார். நீந்தினார். கால் தரை தட்டியதும் இழுத்தார். கரையோர நாணலைப் பிடித்துத்தான் படகை நிறுத்த முடிந்தது. அவர் உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம்.

படகுக் காண்ட்ராக்டர் ஓடி வந்தார். எங்களிடம் என்றா நினைத்தீர்கள்? மோட்டாரிடம்! டீக்கடையில் இருந்த மெக்கானிக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தோணியிடம் கேட்டார்:

"பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?"

"எதுக்குங்க? அதான் டேங்க் நெறைய ஆயில் இருக்குல்ல?"

"அட, அந்தப் பம்ப்பை எப்பவோ நான் கழட்டிட்டேனே! டியூபையும் அடைச்சு வெச்சிருக்கேன். டேங்க்ல இருக்கறது ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குப் போகாது. பெட்ரோல்லதான் கலந்து ஊத்தணும்."

இரண்டு நாள் எப்படி ஓடியது? பழைய டிரைவர் கலந்து வைத்துவிட்டுப் போன கேன்கள் இருந்தன. அவை தீர்ந்ததும் ஞாயிறு காலையில் அந்தோணி வெறும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். எண்ணெய் இல்லாமல் சூடேறி எஞ்சின் இறுகிவிட்டது. பாவம், அவருக்கென்ன தெரியும்?

பம்ப்பைக் கழற்றியதை நான் குற்றம் சொல்லவில்லை. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரமாம். தேய்ந்தால் ஸ்பேர் கிடைக்காது, திடீரென்று எண்ணெய் நின்றுவிடும், கலந்து ஊற்றுவதே நிச்சயம் என்றார் மெக்கானிக். நியாயம்தான். அப்படியானால் உபயோகமில்லாத டேங்க்கை எதற்கு நிறைத்து வைத்திருக்கிறீர்கள்?

"அது காலியா இருந்தா பஸ்ஸர் கத்துங்கம்மா. ஜனங்க பயப்படுவாங்க. அதான் அது வாயை அடைக்க எண்ணெய் ஊத்தி வெச்சோம்" என்றார் காண்ட்ராக்டர்.

கேட்டீர்களா அநியாயத்தை? எண்ணெய் இல்லை, ஜாக்கிரதை என்று கத்துவதற்காக எவனோ ஒரு புண்ணியவான் பஸ்ஸர் வைத்தான். நாம் அதற்கே எண்ணெய் ஊற்றிச் சமாதானப்படுத்திவிட்டோம்! வீட்டில் ஃப்யூஸ் போனால் தடிக் கம்பியாகப் பார்த்து முறுக்குகிறவர்கள்தானே நாம்? எச்சரிக்கை செய்கிறவன் வாயை மூடிவிட்டால் ஆபத்தே போய்விட்டதாக நமக்கு ஒரு நினைப்பு.

சரி, இதை அந்தோணியிடம் யாராவது சொன்னார்களா?

"காண்ட்ராக்டருக்குத் தெரியுமே" என்றார் மெக்கானிக். "பழைய டிரைவர் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்" என்றார் காண்ட்ராக்டர். பழைய டிரைவரைத் தேடிப் பிடித்தால் அவர் வேறு யாரையாவது கை காட்டுவார். நினைக்கத் தெரிந்த இவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் காண்ட்ராக்டருக்குத் திட்டத் தெரிந்தது. "எஞ்சினைத் தீர்த்துக் கட்டிட்டியேடா! நாளையிலேருந்து வராதே, போ."

அத்திம்பேருக்கே கோபம் வந்துவிட்டது. "ஓய், இத்தனை உயிரைக் கரை சேர்த்தவனைப் பார்த்தா போன்னு சொல்றீர்?"

காண்ட்ராக்டர் காதில் விழவில்லை. அந்தோணி கையில் கட்டிய துணியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வேலை போனாக்கூடப் பரவாயில்லம்மா. எஞ்சினைக் கெடுத்தவன்கிற பேரோட போனா, இனிமே எவன் என்னை ஒரு எஞ்சினைத் தொட விடுவான்?"

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படகு முழுக்க எழுத்து! 'வருக வருக' என்று ஒரு பக்கம், சோடா விளம்பரம் ஒரு பக்கம், துப்பாதீர்கள் என்று உள்ளே. 'பெட்ரோலில் எண்ணெய் கலக்கவும்' — இந்த மூன்றே வார்த்தையை டேங்க் மேல் எழுத ஒரு சாண் இடம் கிடைக்கவில்லையா? இப்போதாவது எழுதுங்கள், இவரையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன் காண்ட்ராக்டரிடம்.

"எழுதினா மோட்டார் ரிப்பேர்னு நெனச்சுக்குவாங்கம்மா. யாரும் ஏற மாட்டாங்க."

அங்கே எழுத முடியாதாம். போகட்டும், இங்கே எழுதுகிறேன். எஞ்சின் கெட்டது அந்தோணியால் இல்லை. பம்ப்பைக் கழற்றியது அவர் இல்லை, மறைத்தது அவர் இல்லை. அவர் செய்ததெல்லாம் எங்களைக் கரை சேர்த்தது ஒன்றுதான். இப்போது வேலையில்லாமல் இருக்கிறார். படகோ, பம்ப்செட்டோ, எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் யாராவது தாராளமாகக் கூப்பிடலாம் — அதில் எதையெதைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்!