மஞ்சள் மழைக்கோட்டுக்கு அடியில் என் செருப்பு

இரண்டு வருடம் முன்பு, ஸ்பெயினில் டொலேடோ என்ற பழைய ஊரில் நடந்தது இது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரில். என் மகள் ஒரு செமஸ்டர் படிக்க மேட்ரிட் போயிருந்தாள். போன இடம் பிடித்துப்போய், இன்னும் ஆறு மாதம் இருக்கிறேன் என்றாள். அவள் அப்பா சரி என்றுவிட்டார். ஆனால் அம்மா சம்மதித்தால்தான் இருப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மனசுக்குள், கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் டொலேடோவுக்கு அழைத்துப் போனாள். குன்றின் மேல் ஊர். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒதுங்க வேண்டிய சந்துகள். அதில் ஒன்று முடிந்த இடத்தில் அந்தப் பெரிய தேவாலயம். அண்ணாந்து பார்த்தேன், கை தானாகக் கும்பிட்டது. எந்தச் சாமியானால் என்ன? மகள் டிக்கெட்டோடு முன்னால் போக, நான் வாசல் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனேன். சேலை வெறுங்காலை மறைத்ததால் யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே ஒவ்வொரு தூணும் மலையைச் செதுக்கி நிறுத்தியது போல இருந்தது. பீடத்துக்குப் பின்னால் கூரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அதன் வழியாக வெளிச்சம் இறங்கி, கல்லில் செய்த தேவதைகள் மேல் விழுகிறது. மூச்சு விடுகிற மாதிரியே இருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. இவள் மனசை மாற்றி என்னோடு அனுப்பிவிடு சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மகள் என் காலைப் பார்த்தாள்.

"அம்மா, ஷூஸ் எங்க?"

"வாசல்ல விட்டிருக்கேன். சாமி இருக்கற எடம்டி."

"ஓ காட். இங்க யாரும் கழட்ட மாட்டாங்கம்மா. குப்பைன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. சுகரை வச்சுட்டு அந்தக் கல்லு ரோட்ல எப்படி நடப்ப?"

எனக்கும் பயம் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய செருப்பு அது. வெறுங்காலோடு வெளியே நடக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

வாசலுக்கு ஓடினோம். நல்ல மழை. செருப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு கிடந்தது. பக்கத்தில், தெரு பெருக்கும் ஒரு அம்மாள் துடைப்பத்தோடு, தொப்பலாக நனைந்து நின்றார். என் பாதத்தைப் பார்த்ததும் குனிந்து கோட்டை எடுத்தார். அடியில் என் செருப்பு, நான் விட்டபடியே, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

மகள் அவரோடு ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தாள். இத்தனை சரளமாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். பிறகு மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க அம்மாவும் வேண்டுதலுக்காக மாதா ஊர்வலத்துல வெறுங்காலோட நடப்பாங்களாம். இதுவும் வேண்டுதல் செருப்புன்னு நினைச்சு, தொடாம சுத்தியே பெருக்கியிருக்காங்க. என்ன வேண்டுதல்னு கேக்கறாங்கம்மா."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீ நல்லா இருக்கணும்னு, அவ்வளவுதான்" என்றேன்.

மகள் அதை ஸ்பானிஷில் சொன்னதும் அந்த அம்மாள் நனைந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

திரும்பும் ரயிலில், "ஆறு மாசம் இருந்துட்டு வா" என்றேன். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போதும் எங்கள் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அந்த மஞ்சள் கோட்டு கண்முன் வருகிறது. மகள் மனசை மாற்றச் சொல்லித்தான் அன்று கேட்டேன். யார் மனசு மாற வேண்டும் என்பது சாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.