பட்டியலக்காவின் வயர்லெஸ் கார்டு

அந்த ஆஸ்பத்திரியில் பட்டியலக்காவைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. அன்று காலையில் சேர்ந்தவர்கள், மயக்கத்தில் கிடப்பவர்கள். மற்ற எல்லோருக்கும் அவளைத் தெரியும். பதினாலு வருஷமாகப் படுக்கை படுக்கையாகப் போய், "இன்னைக்கு என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டு, எழுதி, கீழே சமையலறையில் சேர்ப்பது அவள் வேலை. பன்னிரண்டாம் படுக்கைக்கு உப்பு ஆகாது. பதினைந்தாம் படுக்கைக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டும். பதினெட்டாம் படுக்கைக்காரர் பால் வேண்டாம் என்பார். கொண்டுபோய் வைத்தால் சத்தமில்லாமல் குடித்துவிடுவார். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கையில் அட்டை, காதில் பென்சில். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அவளுடைய ஓரகத்திக்கும் அதே வேலைதான். கொழுந்தனுக்குப் பெண் தேடி அலைந்தவளும் பட்டியலக்காதான், வந்த பெண்ணை மூன்று வருஷத்துக்கு முன் இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். வீட்டில் இவர்கள் கீழ்த்தளம், அவர்கள் மேல்தளம். ஆஸ்பத்திரியில் பெரியவளுக்கு மூன்றாம் மாடி, சின்னவளுக்கு இரண்டாம் மாடி. தன் கையாலேயே விளக்கேற்றித் தன் கண்ணையே கூச வைத்துக்கொண்டோமே என்று பின்னால் அவள் எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

எல்லாம் அந்தக் கைமெஷின் வந்த பிறகுதான்.

உள்ளங்கை அகலம், விரலால் தொடாமல் குச்சியால் தட்ட வேண்டிய ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அட்டையும் பென்சிலும் போயின. பட்டியலக்கா இரண்டு மாதம் திண்டாடி, கண்ணாடி மாற்றி, கடைசியில் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு வார்டு முடிந்ததும் மாடிப்படி இறங்கிச் சமையலறைக்கு வந்து, அங்கே இருந்த ஸ்டாண்டில் மெஷினை வைக்க வேண்டும். அப்போதுதான் பட்டியல் அங்குள்ள கம்ப்யூட்டருக்குப் போகும். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். மூன்று வார்டு, மூன்று முறை ஏற்ற இறக்கம். முழங்கால் கெஞ்சும். ஆனாலும் இருவருக்கும் ஒரே மூச்சு இரைப்பு, ஒரே அலுப்பு. அதில் ஒரு ஆறுதல் இருந்தது.

அந்த ஆறுதலையும் ஒரு கார்டு வந்து பறித்துக்கொண்டது.

தாழ்வாரக் கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். மெஷினின் தலையில் உள்ள துளையில் ஒரு கார்டைச் செருகினால், கம்பி இல்லாமலேயே பட்டியல் சமையலறைக்குப் பறந்துவிடுமாம். முதலில் ஒரே ஒரு கார்டு, சோதித்துப் பார்க்க. உணவுப் பிரிவின் மேற்பார்வையாளர் அதைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்தார்.

"நீ சின்ன வயசு, சட்டுன்னு பிடிச்சுப்பே" என்றார்.

நாற்பத்தாறு வயதுக்காரியை நிற்க வைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தையா இது! அதுவும் அந்த மேற்பார்வையாளர் அம்மாள் அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறார். அவருடைய கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் இருவரில் ஒருத்திக்குத்தான் என்று சமையலறையில் கரண்டிகளுக்குக்கூடத் தெரியும். பதினாலு வருஷமாக அந்த நாற்காலியைத் தன்னுடையது என்றே நினைத்திருந்தவள் பட்டியலக்கா.

அன்றிலிருந்து சின்னவளின் மெஷின் தலையில் கொண்டை வைத்ததுபோல ஒரு கார்டு. அதில் மினுக் மினுக்கென்று ஒரு பச்சை விளக்கு. பட்டியலக்கா இரண்டாம் வார்டை முடித்து மூச்சு வாங்க இறங்கி வரும்போது, சின்னவள் எல்லாப் படுக்கையையும் முடித்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

"வாங்க பெரியம்மா" என்பார் சமையல் மாஸ்டர். "சின்னம்மா அனுப்பினதுல பாதி வெந்தே போச்சு. நீங்க எந்த ஊர் சுத்திட்டு வரீங்க?"

"உங்க அடுப்பு வேகமா எரியுது மாஸ்டர், வாய் அதைவிட" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். உள்ளே குமுறும்.

"அக்கா, கால் வலிக்குதா? உட்காருங்க" என்று சின்னவள் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பாள். அந்தக் கரிசனம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. திமிராக நடந்துகொண்டாலாவது திட்டித் தீர்க்கலாம்!

வீட்டில் புருஷனிடம் புலம்பினாள். அவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர், பேசினால் தைத்துவிடுவார்.

"அவ மெஷின்ல லைட்டு எரிஞ்சா உனக்கு எங்கே சுடுது?"

"எனக்கு ஒண்ணும் சுடலை. நியாயத்தைக் கேட்டேன்."

"அப்போ மேலே போய் அவகிட்டயே கேளேன். எப்படிப் போடறதுன்னு சொல்லிக் கொடுப்பா."

"நான் போய் அவகிட்டக் கேட்கணுமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஓய்வு நாளில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தெரு. நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த ஒரு கடைக்காரர் அவள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டு இருக்கும்மா. ஆனா இதுல துளை ஒண்ணுதான். ஏற்கெனவே ஒரு மெமரி கார்டு செருகியிருக்கு பாருங்க. அதை எடுத்தாத்தான் இது உள்ளே போகும்."

"எடுத்துடுங்க."

"அதுலதான் எல்லாத்துக்கும் ஒரு நகல் சேருது. வேற நகல் கிடையாது. சார்ஜ் தீர்ந்து மெஷின் அணைஞ்சா உள்ளே இருக்கறது மொத்தமும் போயிடும். பரவாயில்லையா?"

"எங்க மெஷின்ல சார்ஜ் தீர்ந்ததே இல்லை" என்றாள். பொய் இல்லை. இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தீர்ந்ததில்லை.

அவர் ஏதேதோ ஏற்றி, கார்டைச் செருகினார். பச்சை விளக்கு மினுங்கியது. அந்தக் கணத்தில் பட்டியலக்காவின் நெஞ்சு நிறைந்ததை என்னவென்று சொல்ல! முதல் நகையைப் போட்டுப் பார்த்த நாளில்கூட அவள் அப்படிக் கண்ணாடி தேடவில்லை. கழற்றிய மெமரி கார்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "உங்க ஆஸ்பத்திரி நெட்வொர்க்குல சேர்க்கச் சொல்லுங்கம்மா, கம்ப்யூட்டர் ஆளுங்ககிட்ட" என்று கடைக்காரர் சொன்னது அவள் முதுகுக்குத்தான் கேட்டது.

மறுநாள் காலை. மூன்றாம் மாடி, சாலையைப் பார்த்த ஜன்னல் வரிசை. கார்டைச் செருகினாள். விளக்கு எரிந்தது. அது எரிந்ததே எதிர்க்கட்டடத்தில் இருந்த இன்டர்நெட் சென்டரின் பூட்டில்லாத நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படுக்கைக்குப் படுக்கை கேட்டாள், தட்டினாள், 'அனுப்பு' என்றாள். எழுத்து திரையிலிருந்து மறைந்தது. போய்விட்டது என்று நினைத்தாள். அது போகவில்லை, போக வழி கிடைக்காமல் மெஷினுக்குள்ளேயே வரிசையில் காத்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா, இன்னைக்கு முகத்துல ஒரு களை?" என்றார் இருபத்தேழாம் படுக்கையில் இருந்த பழைய பஸ் கண்டக்டர். சர்க்கரை நோயாளி. "லாட்டரி விழுந்துச்சா?"

"உங்களுக்கு என்ன சாப்பாடுன்னு சொல்லுங்க முதல்ல."

"பசிக்குது. சீக்கிரம் வர்றது எதுவானாலும் சரி."

"இனிமே எல்லாம் சீக்கிரம்தான்!" என்று தட்டினாள்.

மூன்று வார்டுகளையும் ஒரே மூச்சில் முடித்தாள். ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. எதற்கு இறங்க வேண்டும்? ஸ்டாண்டு பட்டியல் அனுப்பத்தானே? அவள் மட்டுமல்ல, அந்த ஆஸ்பத்திரியில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை ஸ்டாண்டில் வைத்தபோதும் மெஷின் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டது என்பதோ, இந்தக் கார்டு சார்ஜை மடக் மடக்கென்று குடிக்கும் என்பதோ அவள் புத்திக்கு எட்டவில்லை. பத்தரை மணிக்குத் திரை இருண்டது. "வேலை முடிஞ்சுது, நீயும் தூங்கு" என்று கார்டைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மாஸ்டரின் குரல் சமையலறைக் கூரையைத் தொட்டது.

"மூணாம் மாடிக்குப் பட்டியலே வரலை! நாற்பத்திரண்டு தட்டு காலியா நிக்குது!"

பட்டியலக்கா ஓடி வந்தாள். மெஷினை ஸ்டாண்டில் சொருகினாள். அது விழித்தது. விழித்து, இன்று என்ன தேதி, இப்போது என்ன மணி என்று அவளைக் கேட்டது. பிறந்த குழந்தையின் நினைவு அதற்கு. காலையில் நடந்த எதுவும் அதில் இல்லை.

மேற்பார்வையாளர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார். "காலையில அந்தப் பொண்ணு இந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ மாத்திட்டு இருந்தாளே? அதுல உன்னோட பட்டியல் அழிஞ்சுபோச்சா?"

கேள்வியிலேயே பதில் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஐயோ, அந்த நேரத்தில் அவளுக்கு நாக்கு அறுந்து விழுந்திருக்கக் கூடாதா!

"ஆமா மேடம்" என்றாள் பட்டியலக்கா. "அப்படித்தான் இருக்கும்."

"நீங்க இன்னைக்கு ஸ்டாண்டுப் பக்கமே வரலை போல இருந்துச்சே?" என்றார் மாஸ்டர்.

"நீங்க அடுப்பைப் பார்த்துட்டு இருந்தீங்க."

சின்னவள் திகைத்துப்போய் நின்றாள். "மேடம், நான் பிரிண்டர்ல பேப்பர் அளவை மட்டும்தான் மாத்தினேன்…" யாரும் கேட்கவில்லை. அவள் விளக்கம் சொல்லி நேரம் கடத்தவும் இல்லை. சுவரில் தொங்கிய பழைய தாள் கட்டை இழுத்தாள். "அக்கா, நீங்க முதல் வார்டு, நான் கடைசி வார்டு. ஓடுங்க!"

கடைசி வார்டில்தான் கண்டக்டர் இருந்தார்.

பட்டியலக்கா அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி, வழக்கம்போல அரை மணி முன்பே இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். சாப்பாடுதான் வரவில்லை. சின்னவள் அவர் தலையை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, நர்ஸ் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா யார் பொறுப்பு?" நர்ஸ் கத்தினாள். "யாரு வேலை இது?"

சின்னவள் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டியலக்கா ஏப்ரன் பைக்குள் இருந்த கார்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். "சீக்கிரம்னு சொன்னீங்களேம்மா" என்றார், குரலே எழாமல். கோபமாகச் சொல்லவில்லை; கேலி செய்யத்தான் பார்த்தார். அதுதான் அவளை அறுத்தது.

மூன்று மணிக்குக் கண்ணாடி அறையில் ஒரு படிவம் தயாராக இருந்தது. சின்னவள் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரில் கை வைத்தாள், அதனால் ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து வந்தது என்று நர்ஸின் புகார். இது மேலே போனால் நாற்காலி என்ன, வேலையே போகும். கீழே ஒரு கோடு: சாட்சி. மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"நீதான் பார்த்தவ. போடு."

பட்டியலக்கா பேனாவை வாங்கினாள். சின்னவள் சுவரோரம் நின்றாள், அழுது அழுது மூக்கு சிவந்து. ஒரு கையெழுத்து. போட்டால் நாற்காலி அவளுக்கு. கேள்வி கேட்க ஆள் இல்லை. அவள் மனம் அந்த நேரத்திலும் அந்த நாற்காலியைப் பார்க்கத்தான் செய்தது. பேனா முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளிகூட வைத்துவிட்டது.

பிறகு பேனாவை வைத்துவிட்டு, ஏப்ரன் பையில் கைவிட்டுக் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இவ எதுவும் செய்யலை மேடம். நான்தான். யாருக்கும் தெரியாம வாங்கிப் போட்டேன். அனுப்பாமலே அனுப்பிட்டேன்னு நினைச்சேன். காலையில நான் கீழேயே வரலை. மாஸ்டர் சொன்னதுதான் நிஜம்."

"ஏன்?" என்றார் மேற்பார்வையாளர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"பொறாமை மேடம்" என்றாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

பட்டியலக்காவுக்கு ஒரு மாதம் தற்காலிக வேலை நீக்கம் என்று தீர்ப்பானது. புகாரில் பெயர் மாறியது. மறுநாளே அவள் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று மூன்றாம் மாடிக்குப் போனாள். கண்டக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "இனிமே பேனாவால எழுதுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சின்னவள் ஒரு வாரம் கீழே இறங்கவில்லை. எட்டாம் நாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கேட்டிருந்தா நானே போட்டுக் கொடுத்திருப்பேன்ல அக்கா? என் கார்டையே கழற்றிக் கொடுத்திருப்பேன்."

"கேட்க வாய் வரலைடி."

"என் தலையில தூக்கிப் போட மட்டும் வாய் வந்துச்சா?"

சின்னவள் பதிலுக்காக நிற்காமல் படியேறிப் போய்விட்டாள்.

தண்டனை முடிந்து பட்டியலக்கா வேலைக்குத் திரும்பிய நாளில், கண்ணாடி அறையின் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து மனம் குளிர்ந்தது என்று நான் எழுதினால் அது பொய். கதவைத் தட்டி உள்ளே போனாள்.

"வந்துட்டேன் மேடம். எந்த மாடி?"

சின்னவள் நிமிர்ந்தாள். "இன்னும் கோபம் போகலை எனக்கு. ஆனா மேடம்னு மட்டும் கூப்பிடாதீங்க அக்கா. கஷ்டமா இருக்கு."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் பட்டியலக்கா. "இருக்கட்டும். இங்கே நீ மேடம்தான். சொல்லிச் சொல்லிப் பழகிக்கறேன். எந்த மாடி, சொல்லு."

"மூணாம் மாடி."

"சரி மேடம்."