மேஜைக்கு அந்தப் பக்கம்

சென்ற திங்கட்கிழமை, முனுசாமி மறுபடியும் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பகலில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. பத்தி எழுதியா வயிறு நிரம்பும்? லஸ் முனையில், ஒரு மாடி அறையில், கேட்டவர்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்சி. அதில் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவன். இதுவரை ஒருவரைக்கூட வேலையில் அமர்த்தியதில்லை. மானேஜர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

முனுசாமி, பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டியவர். சண்டை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அடையாற்றங்கரையில் குடிசை, மணல் சுமந்து பிழைப்பு. டிரைவர் வேலைக்கு எங்கே அனுப்பினாலும், பெயரைக் கேட்டால்கூட வாய் திறக்காமல் நின்றுவிடுவார்.

இந்த ஊமையை இன்னொரு இடத்துக்கு அனுப்பினால் நீயும் அவனோடேயே போய்விடு என்றார் மானேஜர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாடிப்படியில் உட்காரவைத்து முனுசாமியிடம் காரணம் கேட்டேன்.

"பட்டாளத்துல, மேஜைக்கு அந்தாண்ட ஆபீசர் குந்திகினு கூப்ட்டா தண்டனைதான் சார். இப்பவும் மேஜையப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிது. வண்டியில குந்தினா ஒண்ணும் ஆவாது."

இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாந்தோமில் ஒரு லேடி டாக்டர் அவசரமாக டிரைவர் கேட்டிருந்தார். பிரசவம் என்றால் எந்நேரமும் கிளம்புகிறவர். மானேஜரிடம் மூச்சுவிடாமல் முனுசாமியை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நேராகப் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பெயர் என்ன என்று கேட்டார். முனுசாமிக்குச் சத்தம் வரவில்லை.

"தம்பி, பேர்கூடச் சொல்லாத ஆளை நம்பி நான் எப்படி வண்டியில ஏறுறது?"

"ஏறுங்கம்மா. கேட்க வேண்டியதையெல்லாம் வண்டியில கேளுங்க" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்!

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடையாறில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க எப்படியும் போகவேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முனுசாமி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் தனியாக நின்றேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது — அதுவரை யோசித்துவிட்டேன்.

கடைசியில் கார் வந்து அலுங்காமல் நின்றது. உள்ளே முனுசாமியின் குரல்! மலைப்பாதை, மழை, சேற்றில் புதைந்த லாரி, அதைக் கிளப்பிய விதம்... மனிதர் மூச்சுவிடக்கூடப் பேச்சை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா இறங்கினார். "பாலத்துல ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்துடுச்சு தம்பி. என் மடியில இருந்த பை நகரல. நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேச்சைத்தான் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

முனுசாமி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பேரு கேட்டாங்க சார். சொல்லிட்டேன்" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

வண்டி ஓட்டத்தான் ஆள் தேடுகிறோம். ஆனால், நிற்கவைத்துப் பேச்சையல்லவா சோதிக்கிறோம்? கார் வெளியே சும்மா நிற்கிறது!

நேற்று மானேஜர் எனக்குத் தன் கையால் காபி ஊற்றிக் கொடுத்தார். டாக்டரம்மா சொல்லி, சாந்தோமில் இன்னும் இரண்டு வீட்டில் டிரைவர் கேட்டிருக்கிறார்களாம் — கொஞ்சம் குறைவாகப் பேசுகிறவர்களாக.