பெரியபாளையம் வருவதற்குள் ஒரு சொல்

நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், போனை உதட்டருகே பிடித்துத் தமிழில் ஏதோ சொன்னாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது ஆங்கிலத்தில் ஒப்பித்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாங்கி, "வேண்டுதல்" என்றேன். "ரெக்வெஸ்ட்" என்றது. நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோய், "தப்பா சொல்லிடுச்சா சார்?" என்று கேட்டாள்.

தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பஸ்ஸே ஆடி மாதம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட கதை பாவம், அதற்கு எப்படித் தெரியும்? உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன்.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம் வழியாகப் போகும். டீசல், மல்லிகைப்பூ, யாருடைய டிபன் டப்பாவிலிருந்தோ கசியும் காரக்குழம்பு, மூன்றும் கலந்த வாசனை அந்த பஸ்ஸுக்கு உண்டு. இன்றைக்கும் எங்காவது காரக்குழம்பு கசிந்தால் வேலைக்கு நேரமாகிவிட்டது போல எனக்குப் பதறும்.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். அது தெரிந்த நாள் முதல் பஸ்ஸில் என் பெயர் டிக்சனரி. கல்லூரியில் நான் கற்றதெல்லாம் வெளிநாட்டுப் பூக்களின் பெயர்கள்தான். அந்த உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் மேனேஜர் ஜப்பான்காரர். பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்ப்பது அவர்கள் மரியாதை என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு, சானை மட்டும் வைத்துக்கொண்டு, நம் பக்கத்து மரியாதைக்கு ஒரு சாரையும் ஒட்டவைத்தார்கள். சான் சார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எங்களுக்கு அதிலும் பாதி. அதனால் அவரிடம் எதைக் கேட்பதென்றாலும் காலை பஸ்ஸிலேயே சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த ஜெபராஜ் அண்ணன் ஒருமுறை அவசரப்பட்டுவிட்டார். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மச்சான் பிடித்துக்கொண்டதால் தாமதம் என்பதை, "பிரதர் இன் லா அரெஸ்ட் மீ" என்று சொல்லிவிட்டார். வக்கீல் ஏற்பாடு செய்யவா என்று கேட்டார் சான் சார். நல்ல மனுஷர்.

கஸ்தூரி அக்கா பேக்கிங்கில் இருந்தாள். அவள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைக்குமா என்றிருந்தபோது, உடம்பு முழுக்க வேப்பிலையால் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று பெரியபாளையத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் எழுந்துவிட்டாள். போன ஆடியில் லீவு கிடைக்கவில்லை. இந்த ஆடியிலும் ஏற்றுமதி அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் எல்லோருக்கும் வேலை. அவள் ஒப்பந்தத் தொழிலாளி. சொல்லாமல் நின்றால் வேலை போய்விடும். சூபர்வைசர் கையை விரித்துவிட்டார், லீவு தருவதென்றால் சான் சார்தான். கோயில் வளைவைத் தாண்டித்தான் பஸ் தினமும் போகும். அந்த இடத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அவள் மட்டும் குனிந்துகொள்வாள்.

"அம்மா மூஞ்சிய பாக்க முடியல தம்பி. புள்ளைய குடுத்துட்டா. நான்தான் சொல்ட்டு போவாம கீறேன்."

முதலில் 'ப்ரேயர்' என்ற சொல்லோடு அவளைச் சான் சாரிடம் அழைத்துப் போனேன். அவர் மிகுந்த பணிவோடு கேன்டீன் மூலையைக் காட்டி, "ப்ளீஸ், ஃபைவ் மினிட்ஸ்" என்றார். கிரைண்டர் சத்தம் இடைஞ்சலாக இருக்குமென்று அதையும் நிறுத்தச் சொன்னார். "அஞ்சு நிமிசத்துல இன்னா தம்பி சுத்தறது, கேன்டீனையா?" என்றாள் கஸ்தூரி அக்கா.

அடுத்து 'ஃபெஸ்டிவல்'. அவர் சுவரில் இருந்த விடுமுறைப் பட்டியலில் விரல் வைத்துத் தேடிவிட்டு, வருத்தமாகத் தலையாட்டினார்.

"இத எங்க ஜெபத்துல பொருத்தனைன்னுவோம்பா. இங்கிலீஷ் பைபிள்ல வவ்" என்று ஜெபராஜ் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். பிரமாதமான சொல். ஆனால் சான் சாருக்கு அது தெரியவில்லை. கல்யாணத்தில் சொல்வார்களே, அது போல என்று நான் விளக்கித் தொலைத்தேன். அவர் எழுந்து கஸ்தூரி அக்காவுக்கு வாழ்த்துச் சொன்னார். அவள் வீட்டுக்காரர் பக்கத்து ஷெட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு காலையில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து அவள் முதல் கேள்வி, "கெட்சிச்சா தம்பி?" பஸ் முழுவதும் தேடியது. பின் சீட்டிலிருந்து ஒருவர் 'டூட்டி' என்பார், டிரைவர் திரும்பாமலேயே 'பூஜை லீவ்' என்பார். எதுவும் ஒட்டவில்லை.

ஆடியின் கடைசிக்கு முந்தின ஞாயிறு. பெரியபாளையத்தில் டிராக்டர்களும் மாட்டு வண்டிகளுமாக அடைத்துக்கொண்டு பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியே வேப்பிலை வாசனை பஸ்ஸையே நிரப்பிவிட்டது. கஸ்தூரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, ஜெபராஜ் அண்ணன் தன் சொந்தக் கஷ்டத்தை ஆரம்பித்தார்.

"நேத்து லாரி அரை நாளு லேட்டு. அதுக்கு சான் சாரு இன்னா பேஜாரு பண்ட்டாரு தெரியுமா? டேபிள தட்டிக்கினு கமிட்மென்ட், கமிட்மென்ட்ன்றாரு. தேதி குடுத்தா குடுத்ததுதானாம்."

கஸ்தூரி அக்கா முந்தானையை எடுத்தாள். நான் எழுந்து நின்று மேலே இருந்த கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். "அக்கா, அதான்!" பஸ் முழுக்க விசில். கேட் திறந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இந்த முறை அவளே பேசுவேன் என்றாள். நானும் ஜெபராஜ் அண்ணனும் பின்னால் நின்றோம்.

"சான் சார். காட். மை கமிட்மென்ட். டிலே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டிலே? ஹவ் மச்?"

"ஒன் இயர்."

அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அரை நாளுக்கே மேஜையைத் தட்டியவர் ஆயிற்றே. சூபர்வைசரைக் கூப்பிட்டு, ஒரு வருடத் தாமதத்தை ஏன் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கத்தினார். அடுத்த ஞாயிறு லீவு. திங்களும் எடுத்துக்கொள், மன்னிப்புக் கேட்க நேரம் வேண்டும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னிடம், "கஸ்டமர் ஆங்ரி?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அம்மா ஏத்துப்பா சார்" என்றாள் கஸ்தூரி அக்கா. அதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியபாளையத்தில் பஸ் ஊர்ந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தோம். கழுத்திலிருந்து கால்வரை பச்சையாக, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தலையோடு அவள் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். வேப்பிலை உதிர்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை சான் சார் நெற்றியில் குங்குமத்தோடு மீட்டிங்குக்குப் போனார்.

அவர் ஊர் திரும்பி எவ்வளவோ காலமாகிவிட்டது. கம்பெனி கைமாறியது. ரயில்வே கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வந்து, எந்த வண்டியும் யாருக்காகவும் நிற்பதில்லை. கம்பெனி பஸ் நின்று, ஆளுக்கொரு பைக் வந்துவிட்டது. ஜெபராஜ் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப வேண்டுதலுக்கு என்னதான் சார் இங்கிலீஷ்ல?" என்று நேற்று போனைத் திரும்ப வாங்கிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். போனில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி வரவில்லையே என்றாள்.

வராதுதான். அந்தச் சொல் எங்களுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களோடு சேர்ந்து வந்தது. இப்போது எந்தச் சொல்லுக்கும் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் நான் உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து திரும்பி, "கெட்சிச்சா தம்பி?" என்று கேட்கவும் யாருமில்லை.