பாலன் பெயரில் நான்கு எக்ஸ்ரே

ரவாங் பக்கத்துக் கல்குவாரியில் கமலநாதனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மலையை வெடி வைத்துப் பெயர்த்து, கிரஷரில் நொறுக்கி, மணலாக அரைத்து லோரியில் ஏற்றுவார்கள். கோலாலம்பூரில் எழும்பும் கொண்டோ அடுக்குமாடிகளுக்கு அந்த மணல்தான். தூசியை அடக்கத் தண்ணீர்க் குழாய் உண்டு. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அது பன்னீராய்த் தெளிக்கும். மற்ற நாளில் ஈர மணல் சல்லடையை அடைக்கிறது என்று முதலாளி திறக்க விடமாட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே வேன் வரும். நுரையீரலில் புள்ளி தெரிந்தால் வேலை போச்சு. நான்கு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த பாலன் இருமிக்கொண்டே வந்து கேட்டபோது கமலநாதனுக்கு மனசு கேட்கவில்லை. தூசி அப்பிய முகத்தில் யார் எவர் என்று வேன்காரனுக்கு என்ன தெரியும்? தன் பெயருக்கு ஒருமுறை, பாலன் பெயருக்கு ஒருமுறை என்று நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தான். அடுத்த மூன்று வருஷமும் அப்படியே. பாலன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். பெரிய உதவிதான், போங்கள். நான்கு வருஷம் கூடுதலாகத் தூசி தின்ன அவனுக்கு வழி செய்து கொடுத்தான் கமலநாதன்.

இப்போது பாலன் வீட்டில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறான். தொழில் நோய்க்கான உதவித்தொகை கேட்டு மனுப் போட்டதற்குக் குவாரி அந்த நான்கு படங்களை அனுப்பியது. நான்கும் பளிச்சென்று சுத்தம். வேலையால் வந்த நோய் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

பாலன் மனைவி லோகேஸ்வரிக்கு எல்லாம் தெரியும். மேல் விசாரணையில் உண்மையைச் சொல்லும்படி கமலநாதனிடம் வந்து கேட்டாள். பாலன் வாய்ச்சொல்லை மட்டும் யார் நம்புவார்கள்? கமலநாதன் ஒத்துக்கொண்டான். தன் காரிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

விசாரணை அறையில் எதிரே குவாரி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் இவனுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. மகள் விஷ்ணுப்ரியா காலேஜில் இரண்டாம் வருஷம். வேலை போனால் ஐம்பது வயதில் யார் சேர்ப்பார்கள்? அதிகாரி படங்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இவை பாலனுடையவைதானா என்று மலாயில் கேட்டார். தன் நெஞ்சைத் தானே நான்கு தடவை பார்த்தான் கமலநாதன். பாலனுடையவைதான் என்று சொல்லிவிட்டான். பத்து நிமிஷத்தில் விசாரணை முடிந்தது.

திரும்பும்போது அவள் வாய்விட்டுத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. பத்துமலை தாண்டியதும் லோகேஸ்வரி வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"ஒங்களக் கூப்பிடவே வேணாம்னுதான் அவரு சொன்னாரு அண்ணே. அவன் பொண்ணு படிக்குது, அவனுக்கும் வேல போயிரும்னாரு. நான்தான் கேக்காம வந்தேன்."

பாலன் வீட்டு வாசலில் கமலநாதன் காரை நிறுத்தினான். உள்ளே பாலன் இருமுவது கேட்டது. இறங்கிப் போய் அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றான்.